கிணற்றிலிருந்து மேலே வந்தவர்

கிணற்றின் அடியில் ஒரு செல்போன் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். வெயில் ஏறிய மே மாதக் காலை. மேலே எங்களைச் சுற்றி வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. கிணற்றுக்குள் பாதிக்குக் கீழே இருட்டு. அந்த இருட்டின் அடியில், அழுகிய கரும்பு இலைச் சோகையின் மேல், வெள்ளையாக ஒரு வட்டம். என் அக்கா வீட்டுக்காரரின் தம்பி அந்த விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவர் விழுந்த பிறகும் அது எரிந்தது. மேல்நோக்கி எரிந்ததால், ஏதோ வேலையாக அதைக் கீழே வைத்திருக்கிறார் என்றே சற்று நேரம் நினைத்தோம். அந்தக் காலத்தில் கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் என்றும், திரி அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள் என்றும் பிறகு எத்தனையோ பேர் வீடு தேடி வந்து சொன்னார்கள். எல்லோரும் பிறகுதான் சொன்னார்கள். செல்போன் விளக்கு எரியக் காற்று வேண்டியதில்லை.

நான் திருத்தணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பள்ளிப்பட்டு போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால், தமிழ் மட்டுமே பேசுகிற வீடுகளிலும் அந்தச் சொல் எப்போதோ வந்து உட்கார்ந்துகொண்டது. பாவா சத்தமான மனிதர். பஸ்ஸை விட்டு நான் இறங்குவதற்குள் வயலிலிருந்து அவர் குரல் ரோட்டுக்கு வந்துவிடும். "இன்னா டீச்சரம்மா, பாடம் படிச்ச ஆளு வந்துட்ட இல்ல, எங்க கடலைக்கு இன்னா நோவுன்னு பாத்துச் சொல்லிட்டு அப்பறம் சோறு துன்னு" என்பார். மாட்டோடு பேசுவார், மோட்டாரோடு பேசுவார், டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடு வாதம் செய்வார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் இருப்பதே தெரியும் என்று அக்கா சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அவருக்கு ஒரே தம்பி. பத்து வயதுக்கு மேல் இளையவர். அவர்களுடைய நைனா, அதாவது அப்பா, சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது, படிக்கவைத்தது, அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் பாவாதான். அண்ணன் எவ்வளவு சத்தமோ தம்பி அவ்வளவு அமைதி. பாவா ஒன்று சொன்னால் தம்பி "ஆங்" என்பார். பெரும்பாலும் அந்த வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான். இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அக்காவுக்குக் குழந்தை இல்லை. சின்னவருக்கு ஒரு பெண் குழந்தை. அது யாருடைய குழந்தை என்று வெளியாட்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படி எல்லோர் மடியிலும் வளர்ந்தது.

அந்த வருஷம் கோடையில் போர்வெல் வற்றிவிட்டது. வேர்க்கடலை பூவெடுத்து நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் தேறிவிடும், இல்லாவிட்டால் மொத்தமும் போகும் என்ற நிலை. வயலின் மூலையில் நைனா வெட்டிய பழைய கிணறு இருந்தது. போர் போட்டதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்று தகரம் போட்டு, மேலே பனை ஓலை பரப்பி மூடிவைத்திருந்தார்கள். காற்றுக்குப் பறந்து வந்த கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் இடுக்கு வழியாக விழுந்து விழுந்து உள்ளே மக்கிக்கொண்டிருந்தன. அடியில் கொஞ்சம் ஊற்று இருக்கும், தூர் வாரினால் கடலைக்காவது ஆகும் என்று பாவா சொன்னார். தம்பி "ஆங்" என்றார். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த நானும் அக்காவோடு காலைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அப்போதுதான் தகரத்தை விலக்கினார்கள். உள்ளேயிருந்து கெட்ட நாற்றம்கூட வரவில்லை. ஈரமான, குளிர்ந்த, இலை மக்கின வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதைக்கூட நினைவு வைத்திருக்கிறேன்.

சின்னவர் கல்படியில் இறங்கினார். பாதி ஆழத்தில், முன்பு மோட்டார் வைத்திருந்த திட்டு. அதுவரை படி. அதற்குக் கீழே கயிறு. திட்டில் நின்று மேலே பார்த்து, "அண்ணா, உள்ள வேக்காடா கீது" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது குறைவு. பிறகு கயிற்றில் இறங்கினார். அடியில் கால் வைப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. குனிந்தார். உட்கார்ந்தார். பிறகு சத்தமே இல்லை, விளக்கு மட்டும். பாவா இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிடும்போதே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள். "வுடுடி, தம்பி வழுக்கி வுழுந்துகீறான்" என்று கையை உதறிவிட்டு இறங்கினார். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக இறங்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பக்கத்து நிலத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் கூச்சலைக் கேட்டு ஓடிவந்தார். பின்னால் இன்னும் நான்கைந்து பேர். பாவா அடிக்குப் போய், தம்பியைப் புரட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டினார். முடிச்சு போட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. போட்டு அவிழ்த்து மறுபடி போட்டார். "இழுங்கடா" என்று ஒரு குரல் வந்தது. அது அவர் குரல் போலவே இல்லை, குடித்தவன் குரல் போலக் குழறியது. மேலே இருந்தவர்கள் சின்னவரை இழுத்தார்கள். பாவா சுவரைப் பிடித்துக் கல் இடுக்கில் கால் வைத்து ஏறினார். திட்டு வரைக்கும் வந்தார். ஒரு கையை மேலே போட்டார், மார்பையும் போட்டார், அப்படியே கவிழ்ந்துவிட்டார். கால் இரண்டும் கீழே தொங்கின. இன்னொருவர் இறங்கப் போனபோது டிராக்டர்க்காரர் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, "அடுத்த பொணம் நீயா?" என்று கத்தினார். வேப்பங்கிளைகளை ஒடித்துக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் விட்டு மேலும் கீழுமாக ஆட்டச் சொன்னார். காற்று உள்ளே போகுமாம். தீயணைப்பு வண்டி வரும்வரை ஆள் மாற்றி ஆள் ஆட்டிக்கொண்டேயிருந்தார்கள். நானும் ஆட்டினேன். என் உள்ளங்கைத் தோல் உரிந்ததை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

சின்னவர் மேலே வந்தபோதே முடிந்துவிட்டிருந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கிப் பாவாவைக் கொண்டுவந்தார். உதடும் நகமும் கத்திரிப்பூ நிறம். ஆனால் மூச்சு இருந்தது, எண்ணி எண்ணி விடுவதுபோல. திருத்தணியில் தொண்டைக்குள் குழாய் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் அரக்கோணம் ரோட்டில் திரும்பும்போது ஜன்னல் வழியே மலை தெரிந்தது. அக்கா இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினாள். "முருகா, உசுரோட குடுத்துடு. உன் மலைக்குக் கூட்டியாந்து மொட்டை போடறேன். உசுரோட மட்டும் குடுத்துடு" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு எதைக் கேட்கத் தோன்றும்?

கொடுத்தார். சில நாட்கள் கண் திறக்காமல் கிடந்த பாவா ஒரு காலையில் விழித்தார். குழாயை எடுத்தார்கள். முதலில் "தண்ணி" என்றார். அடுத்து "தம்பி" என்றார். பேச்சு, நடை, ஞாபகம் எல்லாம் இருந்தது. என்ன கிழமை, எந்த ஊர், முதலமைச்சர் யார் என்று டாக்டர் கேட்டதற்குச் சரியாகச் சொல்லிவிட்டு, "கணக்கு எதுனா கேளுங்க சார், அதுவும் சொல்றேன்" என்றார். தம்பியைப் பற்றிச் சொன்னபோது போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். கருமாதிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். சின்னவருக்கு மகன் இல்லை. அண்ணனே மொட்டை போட்டு, அந்தப் பெரிய உடம்போடு குனிந்து, பிண்டம் வைத்தார். அந்தக் குடும்பத்துக்கு ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சியது என்று ஊர் பேசியது. இந்த மட்டுமாவது தப்பித்தோமே என்று நாங்களும் மூச்சு விட்டோம்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் என்னிடம் கிணற்றின் அடியைப் பற்றிச் சொன்னார். "மூச்சு முட்டும், தொண்டைய புடிக்கும்னு தான நெனைப்ப? அப்படி ஒன்னும் இல்ல டீச்சரம்மா. மூச்சு கொஞ்சம் வேகமா வந்துச்சு. எறங்குன அலுப்புன்னு நெனைச்சுக்கினேன். அப்பறம் காலு என்னுது இல்லாம போச்சு. முடிச்சு போடறேன், போட்ட முடிச்சு எங்க போச்சுன்னு தெரியல. பயமே இல்ல பாத்துக்கோ. சொகமா இருந்துச்சு. தம்பி தூங்கறான், பக்கத்துலயே நாமும் படுத்துக்கலாம்னு தோணுச்சு." பிறகு, "பயம் இருந்திருந்தா அவன் ஏறி வந்திருப்பான்" என்றார்.

நான் வகுப்பில் சுவாசம் நடத்துகிறவள். காற்றில் பிராணவாயு குறைவதை நம் உடம்பு நேராக உணர்வது மிகவும் குறைவு என்பது எனக்குத் தெரியும். நாம் வெளிவிடும் வாயு ரத்தத்தில் சேர்ந்தால்தான் திணறலே பெரிதாகத் தெரியும். பிராணவாயு குறையும்போதோ உடம்பு ஓசைப்படாமல் சில ஏற்பாடுகளைச் செய்கிறது. இதயம் வேகமாக அடிக்கும். கை, கால், வயிறு ஆகியவற்றுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். மலை மேல் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகப் பழகிவிடுகிறது. ஏரியில் தண்ணீர் கெட்டுப்போனால் கெண்டை மேலே வந்து வாயைப் பிளந்து செத்து மிதக்கிறது. அதே ஏரியில் விரால் தலையை வெளியே நீட்டி நம்மைப் போலக் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகிறது. ஆனால் சமவெளியில் கடலை விதைக்கிற மனிதனுக்கு ஒரு காலைப்பொழுதில் எதுவும் பழகிவிடாது. அவன் உடம்பிடம் சில நிமிடத்துக்கான ஏற்பாடுதான் இருக்கிறது. பாவாவுக்கு அந்தச் சில நிமிடம் போதுமானதாக இருந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்று வாரம் போல நல்லபடியாகப் போயிற்று. ஆள் விட்டுக் கிணற்றைத் தூர்த்தார். தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். வாடிப்போன கடலையை மாட்டுக்குப் பிடுங்கிப் போட்டார். ஒருநாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள். பாவா மாட்டுக்கடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருக்கிறார், பாத்திரம் வைக்கவில்லை, பால் மண்ணில் ஓடுகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார் என்றாள். "துக்கத்துல மனசு எங்கயோ இருக்கும் அக்கா" என்றேன். மறுநாள் லுங்கியை இடுப்பில் கட்டத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த வாரம் வயல் வரப்பில் ஒரு காலைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்காமல் வெயிலில் அப்படியே நின்றதைப் பார்த்து யாரோ கூட்டிவந்து விட்டார்கள். வாரங்கள் போகப் போக வார்த்தை குறைந்தது. முதலில் நீளமான பேச்சுப் போயிற்று, பிறகு கேலி போயிற்று, பிறகு பெயர்கள் போயின. கடைசியில் கட்டிலில் கை மடங்கி, வாய் ஓரம் ஈரமாக, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

ஊரில் ஒரே பேச்சு: காத்து பட்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆவி பிடிப்பதைக் காத்து என்றுதான் சொல்வார்கள். கிணற்றுக்குள்ளிருந்த காத்து தம்பியைக் கொன்று அண்ணன் மேல் ஏறி வந்துவிட்டது என்றார்கள். அக்கா எலுமிச்சம்பழம் கட்டினாள், மந்திரித்த தண்ணீர் தெளித்தாள், பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடிக்கவைத்தாள். நான் திட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "காத்து இல்லாம ஆனதுதானடி எல்லாம். அவங்க சொல்றதுல இன்னா தப்பு?" என்றாள். வண்டி பிடித்து மறுபடி சென்னைக்குக் கொண்டுபோனோம்.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் நிதானமானவர். எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றார். "மின்சார ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கும் இல்லையா, அது மாதிரி மூளையில நரம்பு மேலயும் ஒரு உறை இருக்கு. அன்னைக்குக் கிணத்துல அது அடிபட்டிருக்கு. ஆனா உடனே சாகல. தாக்குப் பிடிச்சிருக்கு. இப்போ உதிருது. எல்லாருக்கும் இப்படி வராது, ரொம்ப அபூர்வமா சிலருக்கு வரும்."

"மருந்து?" என்று கேட்டேன்.

"காத்திருக்கணும். சிலர் ஓரளவுக்குத் திரும்பி வருவாங்க."

அக்கா கேட்டது வேறு. "அன்னிக்கு எழுந்து பேசினாரே சார், கணக்கு கூடக் கேளுங்கன்னாரே. அப்ப அது யாரு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர்தாம்மா" என்றார்.

காத்திருந்தோம். அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அக்கா மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி விடக் கற்றுக்கொண்டாள், படுக்கைப் புண் வராமல் ஆளைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். மெதுவாக, மிக மெதுவாக, அவர் கொஞ்சம் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். பிடித்துவிட்டால் நடந்தார். ஒருநாள் சாயங்காலம், ரோட்டில் ஒரு பைக் போன சத்தத்துக்குத் தலையைத் திருப்பி, "தம்பி எங்க?" என்று கேட்டார். அக்கா குழம்புக் கரண்டியோடு ஓடிவந்து எனக்குப் போன் போட்டாள். பேசிட்டாருடி, பேசிட்டாரு என்று கத்தினாள். பின்னணியில் அவர் மறுபடியும் கேட்பது எனக்குக் கேட்டது. தம்பி எங்க?

தம்பி செத்தது அவருக்கு மறந்துவிட்டிருந்தது. கிணறும் மறந்துவிட்டது. அக்கா முதல் நாள் உண்மையைச் சொன்னாள். அவர் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுநாள் சாயங்காலம் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள், மறுபடி அழுதார். தாங்கமுடியாமல் ஒருநாள், "வயலுக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தார். அன்றிலிருந்து தினமும் அதுவே பதில். சின்னவரின் மனைவி அடுப்படியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் புருஷன் வயலுக்குப் போயிருப்பதாகத் தினம் ஒருதரம் காதில் விழும் வீட்டில் அவள் வருஷம் முடியும்வரை சோறு ஆக்கினாள்.

நான் அந்தச் சமயத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் நெற்பயிரைப் பற்றி நடத்தவேண்டி வந்தது. தண்ணீர் தேங்கினால் கடலைச்செடி வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும், நெல் அதே தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்கும். எப்படி? நெல்லின் வேர் தன் செல்களில் சிலவற்றைத் தானே சாகவிடுகிறது. செத்த செல்கள் இருந்த இடம் வெறுங்குழாயாகிறது. இலை வாங்கிய காற்று அந்தக் குழாய் வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு இறங்குகிறது. பல வருஷமாகச் சந்தோஷமாக நடத்திய பாடம். இயற்கையின் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லி முடிப்பேன். அன்று கரும்பலகையில் வேரின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, வெற்றிடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தபோது எனக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. சினிமாப் பாட்டு போனது, கோயில் போனது, ஊர்க் கல்யாணம் போனது, வாய்விட்டுச் சிரிப்பது போனது. ஒவ்வொன்றாக உள்ளுக்குள் சாகவிட்டுத்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. படத்தை வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

வருஷ திதி முடிந்ததும் சின்னவரின் மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அம்மையார்குப்பத்தில் அண்ணன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, அங்கே வேலை பார்த்துக் குழந்தையை வளர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் வழியனுப்பப் போயிருந்தேன். துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டே அவள் அக்காவிடம் சொன்னாள்: "கோச்சுக்காதக்கா. உனக்கு அவரு இருக்காரு. கண்ணால பாத்துக்கினு இருக்கலாம். எனக்கு இந்த வூட்ல இன்னா கீது?"

அக்கா குழந்தையின் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "நீ அழுது முடிச்சுட்ட. உனக்கு ஒரு நாள் இருந்துச்சு அழறதுக்கு. ஊரே வந்து கூட அழுதுச்சு. நான் யாருன்னு எனக்கு இன்னும் தெரியலம்மா. பூ வெக்கறேன், பொட்டு வெக்கறேன். யாருக்குன்னு தெரியல."

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பொறாமைப்பட்டார்கள். அதைச் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. அவ்வளவு பிரியமாக இருந்தவர்கள். பஸ் ஏறும்போது குழந்தை பெரியம்மாவின் கழுத்தை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். வீடு திரும்பிய அக்கா ஆறிக்கிடந்த அடுப்பின் முன் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்: "அவரு தம்பிக்குக் கயிறு கட்டிக்கினு இருந்தப்ப, தம்பிக்கு உசுரு இருந்துச்சாடி? நீ படிச்சவ தான, சொல்லு." தெரியவில்லை அக்கா என்றேன். இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒரு பிணத்துக்கு முடிச்சு போட்டு அவிழ்த்து மறுபடி போட்ட அந்த நேரத்தில்தான் பாவாவின் மூளை பட்டினி கிடந்தது. அதை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். வருஷம் முடிந்துவிட்டதே, வேண்டுதலை முடித்துவிடலாம் என்று அக்கா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. என்ன கொடுத்தார் என்று நன்றி சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். அவள் பாவாவுக்குச் சட்டை மாட்டினாள். ஆட்டோ வைத்து மலைப்பாதையில் மேலே போனோம். ஆடி மாதக் கூட்டம் தொடங்கவில்லை. மொட்டை போடுகிற இடத்தில் அவர் தலையைக் குனிந்து காட்டினார். சொன்னால் குனிவார். கத்தி போன பக்கமெல்லாம் தண்ணீர் வழிய, வெள்ளைத் தலையோடு அவர் நிமிர்ந்தபோது கருமாதியன்று பார்த்த அதே முகம். சந்தனம் பூசிவிட்டு அக்கா சொன்னாள்:

"உசுரோட குடுன்னு தான வேண்டிக்கினேன். உசுரோட தான் குடுத்தாரு. வேற ஒன்னும் நான் கேக்கலையே. அவரு மேல இன்னா தப்பு?"

குரலில் கசப்பு இல்லை. கணக்கை முடித்துக்கொடுப்பவள்போலச் சொன்னாள். சந்நிதியில் எல்லோரும் கைதூக்கி அரோகரா என்று கத்தினார்கள். அவள் கை கூப்பி நின்றாள், உதடு அசையவில்லை. இனி எதைக் கேட்டாலும் கேட்டதை மட்டும்தான் கொடுப்பார் என்று பயந்துவிட்டாளோ என்னவோ.

அதன் பிறகு சில வருஷங்கள் ஓடிவிட்டன. டாக்டர் சொன்ன ஓரளவு வந்தது, அதோடு நின்றுவிட்டது. அக்கா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள். குழந்தை அம்மையார்குப்பத்தில் பள்ளிக்கூடம் போகிறது. முதலில் லீவுக்கு வந்துகொண்டிருந்தது, இப்போது போனில் மட்டும் பேசுகிறது. பாவா தானே நடக்கிறார். தட்டை மடியில் வைத்தால் தானே சாப்பிடுகிறார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலையில் உட்காரவைத்தால் மாலை வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்கள், ஆள் நல்லா தேறிட்டாரே என்கிறார்கள். உண்மைதான், உடம்பில் ஒரு நோயும் கிடையாது.

போன மாதம் போயிருந்தேன். விட்டு விட்டு மழை. குத்தகைக்காரர் நெல் நட்டிருந்தார். தண்ணீர் முட்டிவரை நின்றது. கிணறு இருந்த மூலை எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் வாசலில் பாவாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் ஒரு பைக் போயிற்று. பழக்கத்தில் நான் அவரைப் பார்த்தேன், கேட்கப் போகிறார் என்று. அவர் திரும்பவில்லை. இன்னொரு பைக் போயிற்று. அப்போதும் இல்லை.

உள்ளேயிருந்து வந்த அக்கா என் பார்வையைப் பார்த்துவிட்டாள். "கேக்கறதில்ல. கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

"நல்லதுதானே அக்கா. தினமும் பொய் சொல்லவேண்டியதில்ல."

அவள் அவர் வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "இன்னா நல்லது? அந்த ஒரு கேள்வி தான் அவருகிட்ட பாக்கி இருந்துச்சு. வயலுக்குப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு சொல்லுவேன் பாரு, சொல்றப்ப எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். தம்பி வயல்ல கீறாரு, அடுப்புல சோறு வேகுது, குழந்தை உள்ள தூங்குது, இவரு காத்துகினு கீறாருன்னு. அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் இருப்பாங்கடி." கொசு வருகிறது என்று சொல்லி அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் எழுந்து அவளோடு போனார். அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். "பாவா, போயிட்டு வரேன்" என்றேன். சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அவர் என்னையும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அகன்ற மார்பு ஏறி ஏறி இறங்கியது, ஒரே சீராக, ஆழமாக, எந்தத் தடையும் இல்லாமல். அவருடைய மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை.